கறுப்புப் புட்டி, சிவப்பு மாத்திரை

1973-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு ஐந்தாம் மாசம். இருபது வருசத் தோட்ட வாழ்க்கையை இரண்டு தகரப் பெட்டிக்குள் அடக்கிக் கொண்டு வந்தோம். அதில் ஒரு சேலைக்குள் அம்மா சுருட்டி வைத்திருந்தது ஒரு மார்மைட் புட்டி. கறுத்த கண்ணாடி, குட்டையான கழுத்து. உள்ளே தார் போல ஒரு களிம்பு. மண்டபம் முகாமில் காலையில் கால் கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். எனக்கும் ஒரு மிடறு தருவாள். உப்புக் கரிக்கும். "வெளுத்துப் போற பொம்பளைக்கு இதான் மருந்து" என்பாள்.

அட்டன் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். 1934-35-இல் இலங்கையை மலேரியா வாரிக்கொண்டு போனபோது, ஊட்டமில்லாமல் கிடந்தவர்களுக்கு மார்மைட் கொடுத்துத் தேற்றினார்கள். அந்தப் பழக்கம் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. அது எங்கிருந்து தொடங்கியது என்று பாட்டிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நான் தெரிந்துகொண்டபோது செவிலியர் வேலையில் பாதிக் காலம் கடந்திருந்தது.

இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த எங்களைப் போன்ற பல குடும்பங்களை நீலகிரியில் குடியேற்றினார்கள். விட்டு வந்த அதே கொழுந்து, அதே கூடை, அதே அட்டைக்கடி. 1987-இல் நான் கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்தேன். பையில் தடுப்பூசி, எடை பார்க்கும் தராசு, மாத்திரை. ஒரு கர்ப்பிணிக்கு நூறு மாத்திரை, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. 1970-இல் நாடு முழுவதற்கும் தொடங்கிய திட்டம் அது. தோட்டத்தில் அதற்கு 'ரத்த மாத்திரை' என்று பெயர்.

சேர்ந்த இரண்டாம் வருசம், ஒரு ஜூலை மழையில், லயத்துக்குப் பின்னால் தேயிலைத் தூரடியில் அந்த மாத்திரைகளைக் கண்டேன். பத்துப் பதினைந்து இருக்கும். மேல்பூச்சு மழையில் கரைந்து மண்ணில் செம்மையாக ஓடியிருந்தது. யார் வீசியது என்று எனக்குத் தெரியும். அன்று அந்தப் பெண்ணை அவள் மாமியார் முன்னாலேயே திட்டினேன். வாந்தி வருகிறதா, மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தாயா, வெறும் வயிற்றில் தின்றாயா, ஒன்றையும் கேட்கவில்லை. எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்று எழுதத்தான் பதிவேட்டில் கட்டம் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை.

பிற்பாடு குன்னூரில் ஒரு பயிற்சிக்குப் போனேன். பாடம் நடத்திய மருத்துவர் அம்மா ஜன்னல் வழியே கையைக் காட்டி, "உங்க பையில இருக்கிற ஃபோலிக் அமிலத்தோட கதை இந்த ஊரு வழியாத்தான் போச்சு" என்றார். அவர் காட்டியது சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் திசை. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907-இல் தொடங்கிய நிறுவனம். முத்தடுப்பு ஊசிக் குப்பியில் அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பேருந்தில் அந்த வாசலைக் கடக்காத மாசம் இல்லை.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பத்தில் பெண்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று விசாரிக்கும் ஆய்வுக்காக, மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவர் அழைத்து வந்தவர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கர்ப்பத்தின் பின்மாதங்களில் வெளுத்து, வீங்கி, மூச்சு வாங்கிக் கிடந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து, முதிராமல் இருந்தன. வில்ஸ் கிருமியை மட்டும் தேடிக்கொண்டிருக்கவில்லை. என்ன சமைக்கிறீர்கள், காய் எத்தனை நாளைக்கு ஒருமுறை, பால் உண்டா, பழம் உண்டா என்று அவர்கள் சாப்பாட்டைக் கேட்டு எழுதினார். அந்தக் கேள்விக்காகவே அவரை நான் என் தொழிலின் மூத்தவராக நினைக்கிறேன். 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தன் ஆய்வைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். 1931 தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்கிறோமே, அதுதான்.

அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் தீனி போட்டுப் பார்த்தார். நோய்ப்பட்ட ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்ததும் அது தேறியது. மார்மைட் என்பது மதுபானம் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது, மலிவானது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். அதில் இருக்கும் பொருள் எதுவென்று அப்போது பெயர் இல்லை, 'வில்ஸ் காரணி' என்றார்கள். 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலை வகைக் கீரையைப் பிழிந்து பிரித்தெடுத்தபோது, இலை என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'ஃபோலிக்' என்று பெயர் வைத்தார்கள். 1945-இல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கிய லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

அன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் குடித்ததும் என் பையில் இருப்பதும் ஒரே சரக்கு என்று. "அப்ப நான் சரியாத்தான் குடிச்சிருக்கேன்" என்றாள், அவ்வளவுதான்.

வில்ஸ் வந்தபோது குன்னூரில் சத்துணவு ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவர் ராபர்ட் மெக்கரிசன். 1918-இல் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையாகத் தொடங்கியது அந்த வேலை. பஞ்சாப் சீக்கியர் உணவு, சென்னை மாகாணத்து உணவு என்று ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே போட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிக் கழுவிய அரிசியையே நம்பிய எலிகள் சோனியாகின. நம் சோற்றுப் பானையை அவர் குறை சொல்கிறார் என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் புரிந்தது, குறை நெல்லில் இல்லை, ஆலைத் தீட்டலில் இருக்கிறது. புழுக்கும்போது சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால் புழுங்கலரிசி தின்றவர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டவில்லை.

மெக்கரிசனுக்குப் பின் 1935-இல் அய்க்ராய்டு வந்தார். 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். சோளம், கம்பு, கீரை என்று நம் சந்தையில் கிடைப்பதையெல்லாம் சோதித்துப் போட்ட அட்டவணை. அந்த ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பிற்பாடு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அட்டவணை அதன் இயக்குநர் கோபாலன் காலத்தில் விரிந்து, செவிலியர் பள்ளியில் எங்கள் கைக்கு வந்தது. நூறு கிராம் ராகியில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அந்த எண்ணை மட்டும் நான் மறந்ததே இல்லை.

ஏனென்றால் ராகி இந்த மலையின் பழைய சோறு. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் உருளைக்கிழங்கும் வெள்ளைக்காரக் காய்களும் கொண்டுவந்து போடும் முன்பே, படுகர் காடுகளில் ராகியும் சாமையும் விளைந்தன. களி, அவரைக் குழம்பு, மோர், கீரை. படுகர் வீடுகளில் முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாசம் கணவன் மனைவியின் கழுத்தில் நூல் கட்டும் சடங்கு உண்டு. 'கண்ணி கட்டோது' என்று 1909-இல் வந்த தர்ஸ்டனின் நூலிலேயே அது இருக்கிறது. தோடர்களிடமும் ஏழாம் மாசம்தான். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901-02-இல் இங்கே தங்கிப் பார்த்து எழுதியபடி, செடிக் குச்சியில் வில்லும் புல்தண்டில் அம்பும் செய்து கணவன் மனைவி கையில் கொடுப்பான். தோடர்கள் இறைச்சி தொடாதவர்கள். எருமைப்பாலும் மோரும் பாலில் வேகவைத்த சோறும் அவர்கள் உணவு. நம் வளைகாப்பும் ஏழிலோ ஒன்பதிலோதானே? மலைக்கு மேலும் கீழும் பெண்கள் அந்த மாசத்தை ஏன் எண்ணி வைத்தார்கள் என்று ஒரு தாதியாக எனக்குத் தெரியும். பிள்ளை உடம்பில் சதை பிடிக்கும் காலம் அது, தாய்க்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட வேண்டிய காலம்.

பிறகு காடுகள் உருளைக்கிழங்குக்கும், அப்புறம் தேயிலைக்கும் போயின. ராகி மூட்டை சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வர ஆரம்பித்தது.

லயத்துச் சாப்பாடு வேறு. காலையில் சாயத்தண்ணி, பால் சேராத தேநீர். பத்து மணிக்குக் கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும், மலையிலேயே, நின்றபடி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் உருளைக்கிழங்கும். சாயங்காலம் திரும்பவும் சாயத்தண்ணி. சோற்றோடு தேயிலை சேர்ந்தால் சோற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு பிடிக்க விடாது. கூடை கூடையாகத் தேயிலை பறிக்கிறவளின் ரத்தத்தை அதே தேயிலை தடுக்கிறது. "ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி தாயி" என்று சொல்லுவேன். குளிரில் நனைந்து வந்தவளிடம் அதைச் சொல்ல எனக்கே வாய் வராது.

ரத்தம் பார்ப்பது அப்போதெல்லாம் சாலி குழாயில். விரல் நுனியில் குத்தி, மெல்லிய குழாயில் கோடு வரை ரத்தத்தை உறிஞ்சி, அமிலத்தில் விடுவோம். பழுப்பாகும். வாலை வடிநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, பக்கத்திலிருக்கும் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை கலக்க வேண்டும். மஞ்சு இறங்கிய நாளில் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பரா வாசலில் வெளிச்சத்தைத் தேடி, குழாயை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எட்டு, ஏழரை, எட்டரை. பதினொன்றுக்கு மேல் வந்தால் சந்தோசப்படுவேன். கடல் மட்டத்துக்குத்தான் பதினொன்று கணக்கு. காற்று மெலிந்த ஊட்டி உயரத்தில் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் அந்தக் குன்னூர்ப் பயிற்சியில்தான் எனக்குத் தெரியவந்தது. நான் நல்லது என்று எழுதிய எத்தனையோ பேர் உண்மையில் சோகை பிடித்தவர்கள்.

"நல்லா சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும் நர்சம்மா, அப்புறம் எறங்காது." இதை எந்த லயத்திலும் கேட்கலாம். அறியாமை என்று ஒதுக்கினால் தப்பு. ராத்திரியில் வலி எடுத்தால் கரடும் காடும் தாண்டித் தூக்கிக்கொண்டு போகவேண்டிய ஊரில், பிள்ளை சிறுத்துப் பிறந்தால் தாயாவது பிழைப்பாள் என்று போட்ட கணக்கு அது. வண்டி வரும், ஆஸ்பத்திரி எட்டும் என்று ஆன பிறகு அந்தப் பேச்சு தானாகவே குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மண், சாம்பல், திருநீறு தின்பார்கள், பச்சரிசியை முந்தானையில் முடிந்து வைத்து மெல்வார்கள். மசக்கை ஆசை என்று சிரிப்பார்கள். சோகை முற்றியவளுக்கு அந்த ஆசை வரும் என்பதால், முந்தானை முடிச்சைப் பார்த்தாலே நான் குழாயை எடுத்துவிடுவேன்.

மலையின் பழங்குடிகளிடம் இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் அரிவாள்செல் ரத்தக் கோளாறை முதன்முதலாக 1952-இல் கண்டறிந்து எழுதியது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். இருளர், குறும்பர், பணியர் பெண்களில் சிலர் அதைச் சுமக்கிறார்கள். அவர்கள் வெளுப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரும்பைக் கொடுத்துவிட முடியாது, சோதித்த பிறகே. ஃபோலிக் அமிலம் மட்டும் அவர்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்போது கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை இருக்கிறது, ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் டானிக்கும் வருகின்றன. அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு போட்டு ஐந்து வகைச் சோறு பரிமாறுகிறார்கள். எல்லாம் நல்லது. எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. தேயிலைச் செடிகளுக்கு இடையே சுக்குட்டிக் கீரையும் முள்ளுக்கீரையும் தானாக முளைக்கும். மடியில் கிள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள், காசு இல்லாத கறி. களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்த பிறகு அந்த இடைவெளிகள் கருகிவிட்டன. ஒருபக்கம் இலையைக் கருக்கிவிட்டு, மறுபக்கம் இலையின் பெயர் கொண்ட மாத்திரையைப் பையில் தூக்கிக்கொண்டு அதே பாதையில் நடந்தேன்.

நாங்கள் இங்கே வந்த புதிதில், அம்மாவின் புட்டி அவளுடைய ஏழாம் மாசத்தில் தீர்ந்துபோனது. இங்கே கடையில் அது கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கக் காசு இல்லை. லயத்துக்குக் கீழே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு படுகப் பாட்டியின் காய்கறித் தோட்டம். வெள்ளைச் சேலையும் தலையில் வெள்ளைத் துணியுமாகக் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். அம்மாவின் வயிற்றையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு நாள் வேலியோரம் கூப்பிட்டார். அவர் பேச்சு அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு கட்டுக் கீரையும், துணியில் முடிந்த ராகி மாவும் கொடுத்தார். அன்றிலிருந்து தம்பி பிறக்கும்வரை, இரண்டு நாளைக்கு ஒருமுறை வேலிக்கல்லின் மேல் ஒரு கட்டுக் கீரை இருக்கும். காலையில் அதை எடுத்துவர அம்மா என்னைத்தான் அனுப்புவாள். பனியில் நனைந்திருக்கும், கை விறைக்கும்.

வெறும் புட்டியைக் கழுவி, அம்மா அதில் உப்புப் போட்டு வைத்தாள்.