வன்னிக் குளப்பெயர்களும் உழைப்பின் வரலாறும்

தமிழில் ஊர்ப்பெயராய்வு பெரும்பாலும் சொற்பிறப்பு விளக்கமாகவே அமைந்து வந்துள்ளது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' அம்மரபின் சிறந்த பேறு. ஆயினும் இடப்பெயரைப் பொருளுற்பத்தியோடு இணைத்து நோக்கும்போதே அதன் சமூக உள்ளடக்கம் புலனாகும். இவ்வகையில் வன்னிப் பெருநிலம் தக்க சான்றாகின்றது. பருவமழையை நம்பிய அந்நிலத்தில் குளமின்றி வயலில்லை. ஆதலின் குளத்தின் பெயரே பல ஊர்களுக்கும் பெயராயிற்று.

இப்பெயர்கள் பொதுவாக ஈருறுப்புக் கொண்டவை. புளியங்குளம், மாங்குளம் என்பவற்றில் முன்னுறுப்பு மரப்பெயர். கனகராயன்குளம், அக்கராயன்குளம், முத்தையன்கட்டு என்பவற்றில் அது ஆட்பெயர். முன்னிரண்டிலும் வரும் 'ராயன்' அதிகாரத்தின் முத்திரை. மண் சுமந்து அணை கட்டியோரின் பெயர்களை இவ்வரிசையிற் காண்பதரிது. எனினும் பின்னுறுப்பு அவர்தம் தொழிற்சொல்லாகும். மடு நீர் தங்கும் ஆழ்பள்ளம். கட்டு உயர்த்திய அணை. முறிப்பு உடைந்த அணை. இரணைமடு இரட்டை மடுவை உணர்த்துகின்றது. தண்ணிமுறிப்பு ஓர் உடைப்பை நினைவிற் கொள்கின்றது.

உடைப்பு இயற்கையின் செயல் மட்டுமன்று. ஆண்டுதோறும் கூடிச் செய்யும் பராமரிப்பு நின்றால் அணை நில்லாது. 1803இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டான். 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆயின் குளம் பேணும் பொதுவுழைப்புக்கு உரிய மாற்று உடன் அமைக்கப்படவில்லை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டமே பழைய வழமைகளுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், இந்நிலத்தை ஆட்சியாளர் நோக்கிற் பதிவு செய்தது.

இப்பெயர்களை இனவுரிமைப் பட்டயமாக வாசிப்போர், உழவர்கள் மொழியெல்லை கடந்து சொற்களைப் பகிர்ந்தமையை மறந்துவிடுகின்றனர். அனுராதபுரத்தில் வழங்கும் 'புளியங்குளம' என்னும் பெயரில் தமிழ்ச் சொற்களே சிங்கள ஈறு பெற்று நிற்கின்றன. அது மக்கள் வழக்கில் நிகழ்ந்த பரிமாற்றம்.

மணலாறு 'வெலி ஓயா' ஆனமை வேறு வகையினது. அச்சிங்களப் பெயரின் பொருளும் மணல் ஆறே. ஆனால் 1984இல் அப்பகுதித் தமிழ்க் கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர்; தொடர்ந்து அரசின் குடியேற்றத் திட்டம் அப்புதுப் பெயரில் வளர்ந்தது. பெயரின் பொருள் அவ்வாறே இருக்க, நிலத்தின் உடைமை மாறியது. எனவே இடப்பெயரை ஆராய்வோர் சொல்லின் வேரோடு நின்றுவிடலாகாது. அச்சொல்லை வழங்கிய கைகளிடம் நிலம் இருந்ததா, எப்போது, எவ்வாறு பறிபோயிற்று என்பதையும் வினவுதல் வேண்டும்.