சாடியிலிருந்து தொட்டிக்கு: மாண்டிஸ் இறாலை மனிதர் வைத்துப் பார்த்த வரலாறு

கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1913ஆம் ஆண்டு வெளியிட்ட நினைவேட்டுத் தொகுதியில், ஸ்டான்லி கெம்ப் என்னும் விலங்கியலாளர் எழுதிய இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் ஆய்வு இடம்பெற்றது. இந்தியப் பெருங்கடல் தொடங்கிப் பசிபிக் வரை வாழும் மாண்டிஸ் இறால்களைப் பற்றியது அந்நூல். பெயரில் இறால் என்று இருப்பினும் இவ்வுயிர் இறால் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஸ்டொமாட்டோபோடா என்னும் தனி வரிசையைச் சேர்ந்தது. வேட்டைக்குரிய முன்கால்களை மடித்து மார்போடு அணைத்தபடி அது நிற்கும் கோலம் கும்பிடுபூச்சியை நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது.

இந்த ஒப்புமை கல்கத்தாவில் வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. கெம்புக்கு முன் அதே அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் வுட்-மேசன், கும்பிடுபூச்சிகளின் பட்டியலைத் தயாரித்தவர். மாண்டிஸ் இறால்களையும் ஆராய்ந்தவர். நிலத்துப் பூச்சியும் கடல் உயிரும் ஒரே மேசையில் ஒரே மனிதரின் கைக்கு வந்தன. 1893இல் நாடு திரும்பும் வழியில் கடலிலேயே அவர் இறந்தார். ஒன்பது சிற்றினங்களைப் பற்றிய அவருடைய மாண்டிஸ் இறால் குறிப்புகள் 1895இல், அவர் மறைந்த பிறகே, அச்சேறின.

கெம்பின் ஆய்வு இன்றும் இத்துறையினர் எடுத்துப் பார்க்கும் நூல். ஆனால் அதன் அடித்தளம் சாடிகள். ஸ்பிரிட்டில் ஊறிய உடல்களிலிருந்து எதை அறிய முடியுமோ அதை அவர் அறிந்தார்: வால்தட்டின் முட்கள், வேட்டைக்காலின் பற்கள், முதுகில் ஓடும் வரம்புகள். இனம் பிரிக்க இவை போதும். ஆனால் ஸ்பிரிட்டில் நிறம் கரைந்துவிடும். லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்ட ஓடோன்டோடாக்டைலஸ் சில்லாரஸ் என்னும் இனம், உயிரோடிருக்கையில் பச்சை உடலும் செம்மஞ்சள் கால்களும் சிறுத்தைப் புள்ளிகளும் கொண்டு மயிலுக்கு ஒப்பிடப்படுவது. சாடிக்குள் சில ஆண்டுகள் இருந்தபின் அது வெளிறிய ஓடு. அந்த முன்கால் எதற்கு, எவ்வளவு விரைவில் இயங்குகிறது, காம்பின் மேல் சுழலும் அந்தக் கண்கள் எதைப் பார்க்கின்றன என்னும் வினாக்களுக்குச் சாடி விடை தராது. விடைகள் வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவை உயிரைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தவர்களிடமிருந்து வந்தன.

கடலுயிரைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைக்கும் முயற்சி அதற்கு வெகு முன்னரே தொடங்கியிருந்தது. 1832இல் சிசிலித் தீவின் மெசீனா நகரில், முன்னர் தையற்கலைஞராக இருந்த ழான் வில்ப்ரோ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து, ஆர்கொனாட் என்னும் எண்காலியின் இனத்தை அவற்றில் வளர்த்தார். அவ்வுயிர் தான் வாழும் ஓட்டை வேறொன்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. ஓட்டை உடைத்துப் பார்த்து, உயிரே அதைச் செப்பனிட்டுக்கொள்வதை அவர் கண்டார். நூலறிவாளர் வாதிட்டுக்கொண்டிருந்த ஒன்றை ஒரு தொட்டி தீர்த்துவைத்தது.

தொட்டி வைப்பது எளிதன்று. கடல்நீர் ஓரிரு நாளில் கெடும். உள்ளிருப்பவை மூச்சுத் திணறி மடியும். 1846இல் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குத் திறந்த சன்னலருகே நின்று நாள்தோறும் நெடுநேரம் ஊற்றி ஆற்றினால் உயிர்கள் பிழைக்கும் எனக் கண்டறிந்தவர் அவர். தேநீரை ஆற்றுவது போன்ற அந்த வேலையில் அவ்வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பங்கிருந்தது. பணிப்பெண்ணின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. இன்று ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் குமிழ்விடும் காற்றுக்கல், அந்தப் பெயரற்ற கைகள் செய்த வேலையைத்தான் செய்கிறது.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், நீர்த்தாவரமும் மீனும் ஒன்றையொன்று தாங்கி ஒரே கலத்தில் வாழ முடியும் என்று காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கான பொதுக் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் தம் 'தி அக்வேரியம்' நூலை வெளியிட்டார். அதன் பிறகு நடந்தது ஒரு காய்ச்சல். நடுத்தர வகுப்பினர் வாளியும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். பாறைக் குளங்கள் சில ஆண்டுகளிலேயே வெறுமையாயின. தாம் எழுதிய நூல்களே அக்குளங்களை அழித்தன என்று காஸ் வருந்தியதை அவர் மகன் எட்மண்ட் 1907இல் வெளிவந்த தம் நினைவுநூலில் பதிவு செய்துள்ளார். தொட்டியின் வரலாற்றை எழுதுவோர் காஸின் புகழைச் சொல்லுமளவு இந்த வருத்தத்தைச் சொல்வதில்லை.

இந்தியாவுக்கு இக்கலை அரசு வழியே வந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் முன்னெடுத்த கடல்மீன் காட்சியகம் 1909 அக்டோபரில் மெரீனாவில் திறக்கப்பட்டது. நாட்டில் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப்போர் அதை மூடிற்று. பம்பாயில் தாராபோர்வாலா காட்சியகம் 1951இல் எழுந்தது. இவை கூட்டம் பார்ப்பதற்கானவை. வீட்டுக்கூடத்தில் உப்புநீர் வைக்கும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பின்னரே வந்தது, அதுவும் செல்வர் இல்லங்களில்.

வீட்டுத் தொட்டிக்குள் மாண்டிஸ் இறால் நுழைந்த கதை வேறு. அதை யாரும் அழைக்கவில்லை. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் முறையை விளக்கினார். கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை அவற்றில் ஒட்டியிருக்கும் பாசி, புழு, நுண்ணுயிர் அனைத்தோடும் தொட்டியில் இட்டால், நீரைத் தூய்மையாக்கும் வேலையை அப்பாறையே பார்த்துக்கொள்ளும் என்பது அம்முறை. 1980களில் இது உலகெங்கும் பரவிற்று. 'உயிர்ப்பாறை' என்னும் சரக்கு ஃபிளோரிடாவிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பெட்டி பெட்டியாகப் பறந்தது. அதன் துளைகளுக்குள் ஒளிந்தபடி மாண்டிஸ் இறாலும் பயணம் செய்தது.

முதலில் ஓசை கேட்கும். விளக்கணைந்த இரவில் தொட்டியிலிருந்து 'டக்' என்று கண்ணாடியைச் சுண்டியது போன்ற ஒலி. பின்னர் நத்தைகள் குறையும். நண்டின் ஓடு மட்டும் மணலில் கிடக்கும். விலை கொடுத்து வாங்கிய மீன் ஒன்று காலையில் இராது. வளர்ப்போர் பொறி வைத்தனர், பாறையை வெளியே எடுத்துத் துளைக்குள் சோடா ஊற்றினர், வெளிவந்ததைக் கொன்றனர். கைந்நூல்கள் அதைக் கேடு செய்யும் உயிர் என்றே வகைப்படுத்தின. 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடற்காட்சியகத்தில் நான்கு அங்குல நீளமுள்ள ஒன்று தொட்டிக் கண்ணாடியை உடைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. குத்துச்சண்டை வீரர் டைசனின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. கண்ணாடி உடைவது உண்மையில் அரிது. ஆயினும் அச்செய்தி பரவியபின் மக்கள் அதைத் தேடி வாங்கத் தொடங்கினர். நேற்றுவரை சோடா ஊற்றிக் கொல்லப்பட்டது, விலையுள்ள சரக்காயிற்று.

இதற்கு முன்னரே பல்கலைக்கழகத் தொட்டிகளில் இவ்வுயிர் தன் இயல்பைக் காட்டத் தொடங்கியிருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய ராய் கால்டுவெல் (ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் அல்லர்), ஹியூ டிங்கிளுடன் சேர்ந்து 1970களின் நடுவில் மாண்டிஸ் இறால்களை இருவகையாகப் பிரித்தார். மெல்லுடல் கொண்ட இரையை முட்காலால் குத்துவன ஒரு வகை. ஓடுள்ள இரையைக் குண்டு போன்ற முழங்காலால் அடித்து நொறுக்குவன மற்றொரு வகை. ஈட்டிக்காரரும் சம்மட்டிக்காரரும் எனலாம். கெம்ப் எண்ணிய பற்களுக்கும் வரம்புகளுக்கும் அப்போதுதான் பொருள் விளங்கிற்று.

1983இல் கால்டுவெல், ஸ்டீகர் என்பவருடன் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. மாண்டிஸ் இறால் சட்டையை உரித்த சில நாள் அதன் புதிய மேலோடு மெத்தென்றிருக்கும்; அடிக்க முடியாது, அடி வாங்கவும் முடியாது. அந்நேரம் வளையைப் பறிக்க இன்னொன்று வந்தால் என் செய்யும்? ஓடி ஒளிவதற்குப் பதிலாக, வாயிலில் நின்று வேட்டைக்கால்களை அகல விரித்து மிரட்டுகிறது. கையில் ஆயுதம் இல்லை; இருப்பதுபோல் நிற்கிறது. வந்தது பல வேளைகளில் பின்வாங்குகிறது. ஸ்பிரிட் சாடியில் இப்படி ஓர் உயிர் கிடைத்திருந்தால், 'ஓடு மென்மையானது' என்ற ஒற்றைக் குறிப்போடு அது முடிந்திருக்கும்.

2004இல் ஷீலா படேக்கும் கால்டுவெல்லும் உடனாய்வாளர்களும் அதிவேகப் படக்கருவியை மயில் மாண்டிஸ் இறாலின் முன் வைத்தனர். நொடிக்கு 23 மீட்டர் வரை விரையும் அடி பதிவாயிற்று. தசை மட்டும் இதைச் செய்ய முடியாது. காலின் மேற்பகுதியில் குதிரைச் சேணம் போல் வளைந்த ஒரு தகடு வில்லாக வளைந்து ஆற்றலைச் சேமித்து, தாழ் விடுபட்டதும் ஒருசேர வெளியிடுகிறது. அவ்விரைவில் நீரில் வெற்றிடக் குமிழ் தோன்றி வெடிக்கிறது. ஆகவே ஒரே அடியில் நத்தைக்கு இரண்டு தாக்குதல்: முதலில் காலின் அடி, அரை மில்லிநொடிக்குள் குமிழின் அடி. வீடுகளில் இரவில் கேட்ட 'டக்' ஓசையின் பின்னணி இதுவே.

கண்ணின் கதை ஒரு பாடத்தையும் தந்தது. மனிதக் கண்ணில் நிறம் உணரும் வகைகள் மூன்று; மாண்டிஸ் இறாலில் பன்னிரண்டு என ஜஸ்டின் மார்ஷலின் 1988ஆம் ஆண்டு ஆய்வின் வழித் தெரியவந்தபோது, நாம் காணாத வண்ணங்களையெல்லாம் அது காண்கிறது என்று உலகம் முடிவுகட்டிற்று. இணையம் அந்த முடிவை இன்றுவரை சுமக்கிறது. ஆனால் 2014இல் தோன், மார்ஷல் குழுவினர் தொட்டியில் உணவு காட்டிப் பழக்கிச் சோதித்தபோது, நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் அது மனிதரைவிட மிகப் பின்தங்கியிருந்தது. அது நிறங்களை ஒப்பிட்டு நுணுகிப் பார்ப்பதில்லை, ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொள்கிறது என்று அவர்கள் கருதினர். உறுப்பை எண்ணியவர்கள் சொன்னதை, உயிரையே கேட்டவர்கள் திருத்தினர்.

வீட்டில் வளர்ப்போரும் தம் அளவில் கற்றனர். இவ்வுயிர் தனித்து வாழ்வது. உடனிருக்கும் எதுவும் இரை. அதற்கு வேண்டியது அழகிய பவளத்தோட்டமன்று, இரு வாயில் கொண்ட வளை. மணலும் கற்பொடியும் குழாய்த் துண்டும் கொடுத்தால் தானே கட்டிக்கொள்ளும். சட்டை உரிக்கும் காலம் வந்தால் வாயிலைக் கல்லால் அடைத்து உள்ளே இருந்துவிடும். இறந்துவிட்டதோ என்று கல்லைப் புரட்டிப் பார்த்த ஆவலாலேயே பல உயிர்கள் மடிந்தன. பவளம் வளர்ப்பதற்கான கடும் விளக்கொளியில் மயில் மாண்டிஸின் ஓடு அரிக்கப்பட்டுப் புண்படும் நோய் மிகுதியாகக் காணப்படுவதால், மங்கலான ஒளியும் ஆழமான வளையும் தர வேண்டும் என்று கால்டுவெல் அறிவுறுத்திவந்தார். வண்ணத்தைப் பார்ப்பதற்கென்றே வாங்குவோருக்கு இது ஏமாற்றந்தான். நலமாக இருக்கும் மாண்டிஸ் இறால் பெரும்பொழுது வளைவாயிலில் இரு கண்களாக மட்டுமே தெரியும்.

இந்தியாவில் நிலைமை விசித்திரமானது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் பாறைப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலோ கட்ச் வளைகுடாவிலோ லட்சத்தீவிலோ அந்தமானிலோ ஒரு பவளத்துண்டைப் பெயர்த்து வீட்டுத் தொட்டியில் இடுவது குற்றம். விக்டோரியா காலத்துப் பாறைக் குளங்களின் கதியை நினைத்தால் இச்சட்டத்தின் நியாயம் விளங்கும். ஆனால் மாண்டிஸ் இறால் அப்பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே திட்டத்தைத் தொடர்ந்து இழுவைமடி பரவியபின், சேற்றடியில் வளைதோண்டி வாழும் ஈட்டிக்கார இனமான ஒரட்டோஸ்குவில்லா நேப்பா, இறாலுக்காக வீசிய மடிகளில் கூடை கூடையாக ஏறிவரத் தொடங்கிற்று. மங்களூர்க் கடற்பகுதியில் இழுவைப்படகுகளின் வேண்டாப் பிடிப்பில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இத்தாலியில் அதன் உறவினம் விருந்துணவு. ஜப்பானில் 'ஷாக்கோ' என்று சுஷியில் இடம்பெறுவது. ஹாங்காங் உணவகங்களில் உயிரோடு தொட்டியில் வைத்து விற்கப்படுவது. இங்கே அதற்குப் பெரும்பாலும் ஏலம் கேட்க ஆளில்லை. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் இத்தகைய பிடிப்புக்குச் 'சங்காயம்' என்று பெயர். மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போவது.

கரையில் கொட்டிய குவியலின் மேற்புறத்தில் சில இன்னும் உயிரோடிருக்கும். அவை வாலைச் சுருட்டி அடிக்கும். வால்தட்டின் முட்கள் கையைக் கிழிக்கும். ஆகையால் அவற்றைக் கையால் பொறுக்குவதில்லை. மண்வெட்டியால் அள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள்.