நகைத்தொழில்: தொடக்கநிலைப் பயிற்சி

நகைத்தொழில் என்பது பொன், வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களை அறுத்து, வளைத்து, தட்டி, பற்றவைத்து, மெருகேற்றி அணிகலனாக்கும் கைத்தொழில். இதைச் செய்பவரைத் தமிழில் பொற்கொல்லர், தட்டார், பத்தர், ஆசாரி என்று பல பெயர்களால் அழைக்கிறோம். தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லரின் கல் என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். கடல் கடந்து போன பத்தர் தம் கருவியில் தம் பெயரைப் பொறித்து வைத்திருந்தார் என்பதிலிருந்தே, இத்தொழிலில் கருவிக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிகிறது. புதிதாகக் கற்க வருகிறவரும் கருவியிலிருந்துதான் தொடங்குகிறார்: எந்தக் குறடு, எந்த அரம், எத்தனை வகைச் சுத்தி என்று பட்டியல் போட்டு வாங்குகிறார். தொடக்கநிலைக் கையேடுகள் பலவும் அப்பட்டியலோடுதான் திறக்கின்றன. ஆனால் தொழிலின் அடிப்படைச் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பது கருவி அல்ல, சூடு. உலோகம் எப்போது இறுகியிருக்கிறது, எப்போது இளகியிருக்கிறது, எப்போது உருகப் போகிறது என்பதைப் பார்த்தறியும் கண் வாய்க்காதவரை மற்றத் திறமைகள் தனித்தனியாகவே கிடக்கும். ஆகவே தொடக்கப் பயிற்சி நெருப்பை மையமாக வைத்தே அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலை.

தகட்டைத் தட்டுவதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். உலோகத்துக்குள் நுண்ணிய படிகங்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. சுத்தி விழும்போது அவற்றுக்குள் அணு அடுக்குகள் வழுக்கி நகர்வதால்தான் தகடு விரிகிறது. நகர நகர, அடுக்குகளிலுள்ள பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. தகடு விறைத்துப்போய், மேலும் தட்டினால் விளிம்பில் வெடிக்கிறது. அதற்குமுன் அதைச் சூடாக்கினால் பழைய படிகங்களின் இடத்தில் சிக்கலற்ற புதிய படிகங்கள் உருவாகி உலோகம் மறுபடி இளகும். 925 வெள்ளிக்கு இது ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. அந்தச் சூட்டில் வெள்ளி மங்கலான சிவப்பாகத் தெரியும்; அதுவும் நிழலான இடத்தில்தான் தெரியும், வெயிலில் தெரியாது. சன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து சூடேற்றும் புதியவர், சிவப்பைக் காணோமே என்று காத்திருந்தே தகட்டை உருக்கிவிடுவார். அதனால் தகட்டின்மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அது மறைவதை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் பயிற்சி வகுப்புகளில் இருக்கிறது. கண் பழகும்வரை அதில் தவறில்லை.

கம்பி இழுப்பதில் இது கணக்காகவே தெரியும். எஃகுக் கம்பியச்சின் துளைகள் வழியாக 2 மில்லிமீட்டர் கம்பியை இழுத்து 1.4 மில்லிமீட்டராக்கினால், தடிமன் மூன்றிலொரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிவிட்டது, நீளம் இரட்டித்துவிட்டது. பரப்பு பாதியாகும்போது கம்பியை ஒருமுறை காய்ச்சி இளக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொது விதி. கம்பி கொஞ்சம்தானே மெலிந்திருக்கிறது என்று அடுத்த துளைக்கும், அதற்கடுத்த துளைக்கும் நகர்கிறவருக்குக் கம்பி அறுந்த பிறகுதான் கணக்கு விளங்குகிறது. ஓங்கி இழுத்ததால் அறுந்தது என்று அவர் நினைப்பார். உண்மையில் இடையே ஒருமுறை நெருப்புக்குக் கொண்டுபோகாததால் அறுந்தது.

பற்றவைப்பில் சூட்டின் ஆட்சி இன்னும் முழுமையானது. இரண்டு துண்டுகளை இணைக்க, அவற்றைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஒரு கலவையை இடையில் ஓடவிட வேண்டும். இதற்குப் பற்றாசு என்று பெயர். பட்டறையில் பொடி என்றும் சொல்வார்கள். தமிழ் யாப்பிலக்கணம் இச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது. முதல் குறட்பாவின் ஈற்றுச் சீரும் தனிச்சொல்லும் ஓசையில் பொருந்தாதபோது, இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைக்கும் வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்கிறோம். அந்த ஆசு இந்தப் பற்றாசுதான். உவமை பொருத்தமானது, ஏனெனில் பட்டறை ஆசும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இணைப்பதுதான். அது பள்ளத்தை அடைக்கும் சாந்து அல்ல. இரு விளிம்புகளும் வெளிச்சம் புகாத அளவு நெருங்கியிருந்தால்தான் உருகிய பற்றாசு நுண்துளை ஈர்ப்பால் இடைவெளிக்குள் ஓடும். வாய்விட்டிருக்கும் இணைப்பில் எவ்வளவு பொடி போட்டாலும் ஒரு பக்கமாக உருண்டு நிற்கும்.

உருகிய பற்றாசு சூடு மிகுந்த பக்கம் ஓடும் என்பதும் அதற்கு இணையான விதி. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களுள் வெள்ளியே முதலிடம் பெறுகிறது. ஆகவே இணைப்பின்மேல் மட்டும் சுடரைக் காட்டினால் அங்கு சேரும் சூடு பொருள் முழுதும் பரவிப் போய்விடும். பொடி மட்டும் தனியாக உருகி உருண்டுகொள்ளும். முதலில் பொருள் முழுவதையும் சூடாக்கி, கடைசியில்தான் இணைப்புக்கு வர வேண்டும். பற்றாசு ஓடுவதற்காக இணைப்பில் பூசும் வெண்காரம் இங்கே சூட்டுமானியாகவும் உதவுகிறது. நீர் வெளியேறும்போது பொரிந்து எழும்பும், பிறகு அடங்கும், ஏறக்குறைய 740 டிகிரியில் கண்ணாடி போல உருகிப் பளபளக்கும். அதன் பிறகு அதிக நேரம் கிடையாது. 925 வெள்ளி சுமார் 800 டிகிரியிலேயே உருகத் தொடங்குகிறது. கடினப் பற்றாசு எனப்படும் வகை முழுதும் உருக 770 டிகிரிக்கு மேல் தேவைப்படலாம். இணைப்பு நடப்பதற்கும் நகை கெடுவதற்கும் இடையே உள்ளது சில பத்து டிகிரிகள், நேரத்தில் சொன்னால் சில நொடிகள். இந்த இடுக்கில் வேலை செய்யும் பழக்கத்தை எந்தக் கருவியும் வாங்கித் தராது.

எந்த உலோகத்தில் பழகுவது என்பதும் இங்கிருந்தே முடிவாக வேண்டும். விலை மலிவு என்பதால் செம்பைச் சொல்வார்கள். அறுக்கவும் அராவவும் தட்டவும் அது நல்லதுதான். ஆனால் சூடேறியதும் கறுத்துவிடுவதால் நிறம் பார்த்துக் கற்பதற்கு அவ்வளவு உகந்ததல்ல. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்பதால் அதை அளவுக்கு மீறிக் காய்ச்சுவது கெடுதல். செம்பில் கை பழகி, வெள்ளியில் கண் பழகுவதே சரியான வரிசை. தங்கம் பின்னால் வரட்டும். விலை மட்டும் அதற்குக் காரணமல்ல. நகைத் தங்கக் கலவைகள் வெள்ளியைவிட வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் ஊதுகுழலின் சிறு சுடரை ஓரிடத்தில் நிறுத்தியே வேலையை முடித்துவிடலாம். வெள்ளியில் தேர்ந்தவர் தங்கத்துக்கு எளிதாக மாறுவார். எதிர்த் திசையில் மாறுகிறவர் திணறுவார்.

முதல் பயிற்சிப் பொருளாகச் சாதாரண வளைய மோதிரத்தைவிடச் சிறந்தது இல்லை. மெல்லிய ரம்பத்தால் அறுப்பது, அரத்தால் விளிம்பை நேராக்குவது, வளைப்பது, பற்றவைப்பது, மெருகிடுவது எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. ரம்ப வேலை பொறுமை சார்ந்தது: தகட்டின் தடிமனுக்குள் இரண்டு மூன்று பற்களாவது பதியும்படி அலகைத் தேர்ந்து, அழுத்தாமல் நேராக இறக்கினால் போதும். பலர் சறுக்குவது அளவில். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தகடு 1.5 மில்லிமீட்டர் என்றால் வெட்ட வேண்டிய நீளத்துக்குத் தடிமனையும் உள்விட்டத்தோடு கூட்டி 3.14ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 58 மில்லிமீட்டர் வரும். தடிமனை விட்டுவிட்டால் 53 மில்லிமீட்டரே வரும். மோதிரம் விரலில் ஏறாது. வளைத்தபின் இரு முனைகளும் ஒன்றையொன்று அழுத்தி நிற்க வேண்டும். முனைகளைச் சற்றுத் தாண்டவிட்டு மீண்டும் பக்கவாட்டில் இழுத்தால் உலோகத்தின் விறைப்பே அவற்றை நெருக்கிப் பிடிக்கும். பற்றவைப்புக்கு முன் வட்டம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. பிறகு கூம்பு வடிவ எஃகுக் கோலில் மாட்டிக் கொட்டாப்புளியால் தட்டி வட்டமாக்கலாம்.

நெருப்பை மையமாக்குவதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் மரபிலிருந்தே வருகிறது. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், இலங்கைக் கைவினைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்வி கோடு வரைவதில் தொடங்கியதைக் காட்டுகிறது. வளைவையும் கொடியையும் திரும்பத் திரும்ப வரைந்து கை பழகிய பிறகே உலோகம். அப்படியானால் நெருப்பு பின்னால் வருவதுதானே முறை? மேலோட்டமாக அப்படித் தோன்றலாம். ஆனால் பட்டறையும் வீடும் ஒன்றாக இருந்த சூழலில் வளரும் பிள்ளை, பாடம் தொடங்கும் முன்பே குமுட்டியும் துருத்தியும் உமிச்சட்டியும் கண்ட பிள்ளை. வெண்காரம் பொரிவதும் வெள்ளி சிவப்பதும் அதற்குப் புதிதல்ல. சூட்டுக் கல்வி அங்கே பாடமாக இல்லாததற்குக் காரணம், அது சூழலாக இருந்தது. வார இறுதி வகுப்புக்கு வரும் இன்றைய மாணவருக்கு அந்தச் சூழல் கிடையாது. அதை அவருக்குப் பாடமாகத்தான் தர முடியும். இத்தொழில் பரம்பரையில் பிறந்தவருக்கே வரும் என்ற பேச்சுக்கும் இதுவே பதில்: பரம்பரை தந்தது இரத்தத்தை அல்ல, நெருப்பருகே கழிந்த நேரத்தை.

நெருப்பே இல்லாமலும் நகை செய்யலாமே என்பது இன்னொரு கேள்வி. மணி கோக்கலாம், கம்பியைச் சுற்றிக் கல் கட்டலாம், தறையால் தகடுகளை இணைக்கலாம். இவை மதிப்புள்ள வேலைகளே. ஆனால் தறையின் தலை வெடிக்காமல் விரிய வேண்டுமானால் அந்தக் கம்பி இளகிய கம்பியாக இருக்க வேண்டும். யாரோ ஒருவர் காய்ச்சித் தந்த கம்பியை வாங்கிப் பயன்படுத்துவதால் நெருப்பு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வார்ப்பும் கணினி வடிவமைப்பும் வந்துவிட்ட பிறகு கைவேலை எதற்கு என்பாரும் உண்டு. மெழுகு அச்சைக் கணினியால் உருவாக்கினாலும் உருக்கி ஊற்றுவது உலோகத்தைத்தான். வார்த்த பொருளில் சுத்தியடி பட்ட உலோகத்தின் விறைப்பு இருக்காது. தோட்டுக் கம்பியும் கொக்கியும் வளைந்தால் திரும்பி வரவேண்டியவை. அவற்றுக்கு அந்தத் துள்ளல் கிடைப்பது தட்டுவதாலும் முறுக்குவதாலும்தான். பற்றவைக்கும்போது சுடர் அந்தக் கம்பியில் நீண்ட நேரம் பட்டுவிட்டால் துள்ளல் போய்விடும். நகை கடையில் அழகாக இருந்து, நான்கு நாளில் காதிலிருந்து நழுவும். சூட்டை அறிவது என்பது எதைச் சுடக்கூடாது என்பதை அறிவதும் ஆகும்.

ஆபத்து என்ற எதிர்வாதத்தைத்தான் எளிதில் தள்ள முடியாது. கேடிஎம் நகை என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் தெரியும். அது காட்மியம் சேர்ந்த பற்றாசைக் குறிக்கிறது. செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடி நகையின் மாற்றைக் குறைத்தது. 92 பங்கு தங்கத்துக்கு 8 பங்கு காட்மியம் என்ற கலவை அந்தக் குறையைத் தீர்த்தது. வாங்குகிறவருக்கு அது ஆதாயம். ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கிறது. அதன் புகையைச் சுவாசித்தவர் பட்டறையில் இருந்தவர். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நகைகளிலும் பற்றவைப்புக் கலவைகளிலும் காட்மியத்தைத் தடுக்கும் விதியை 2011இல் கொண்டுவந்தது. இன்று காட்மியம் கலவாத பற்றாசு தாராளமாகக் கிடைக்கும்போது, புதியவர் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. பற்றவைத்தபின் கறை போக்கும் திராவகத்துக்கும் மாற்று உண்டு: நீர்த்த கந்தக அமிலத்துக்குப் பதில் எலுமிச்சை உப்புக் கரைசல் மெதுவாக ஆனால் போதுமான அளவு வேலை செய்யும், பழைய பட்டறைகளில் புளி செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். அமிலமே வேண்டுமென்றால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. இரும்பு இடுக்கியை உள்ளே விடவும் கூடாது, விட்டால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின்மேல் படிந்து நகை சிவந்துவிடும். காற்றோட்டமுள்ள இடமும் கண்ணாடியும் பருத்தி உடையும் இதோடு சேர வேண்டியவை. ஆபத்து இருப்பதால் நெருப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது சரியான முடிவல்ல. பயிற்றுபவர் பக்கத்தில் நிற்கும் தொடக்க நாட்களில் அதைக் கற்காதவர், பின்னால் தனியாகக் கற்க நேரும்.

ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதைச் சோதிக்கும் வழியும் அந்த மோதிரத்திலேயே இருக்கிறது. முடிந்த வளையத்தை எஃகுக் கோலில் மாட்டி, ஒரு அளவு பெரிதாகும்படி சுற்றிலும் தட்ட வேண்டும். இணைப்பு தாங்கினால் வேலை சரி. விட்டுப் போனால் பிளந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் பற்றாசு பரவியிருந்தால் அந்தப் பக்கமே சூடேறியிருக்கிறது. இரண்டிலும் பரவாமல் மணியாக உருண்டிருந்தால் பொருள் சூடேறும் முன் பொடி உருகிவிட்டது, அல்லது விளிம்பில் அழுக்கு இருந்தது. சிறு குழிகள் தெரிந்தால் பற்றாசு நெடுநேரம் கொதித்திருக்கிறது. இணைப்பு தாங்கி வேறோர் இடத்தில் வளையம் வெடித்தால், தட்டும் முன் காய்ச்சி இளக்க மறந்திருக்கிறார்.