ஜலகண்டாபுரத்தில் இருந்து ஹைதராபாத் வரை

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் பலருக்கும் தறிச் சத்தத்தாலும், நாடக ஆசிரியர் ஜலகண்டபுரம் ப.கண்ணனாலும் தெரிந்த ஊர். இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றில் இன்னொரு காரணத்துக்காகவும் அந்த ஊர்ப் பெயர் பதிவாகியிருக்கிறது. அந்தக் காரணம் செந்தில்குமார்.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று பன்னியாண்டி. பரம்பரைத் தொழில் பன்றி வளர்ப்பு. அந்தச் சமூகத்தில் இருந்து முனைவர் பட்ட ஆய்வு வரை போன முதல் ஆள் செந்தில்குமார் என்று சொல்வார்கள். அவர் சேர்ந்த இடம் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை.

உள்ளே போன முதல் ஆட்கள்

தன்னைப் போன்றவர்கள் இல்லாத கல்லூரியில் படிப்பது என்றால் என்ன?

அமெரிக்காவில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கருப்பின மாணவர் 1962 அக்டோபர் 1 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முந்தின இரவு நடந்த கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். காவலர்கள் துணையோடுதான் அவர் வகுப்புக்குப் போக முடிந்தது. 1963-ல் பட்டம் வாங்கினார்.

நம் ஊரில் கலவரம் எதுவும் தேவைப்படவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் கலாசாலையில் படித்த இரட்டைமலை சீனிவாசன், 1939-ல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் விளையாடப் போகவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்து படிப்பார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். இதே மனிதர்தான் 1930-ல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார்.

செந்தில்குமாருக்கு நடந்தது

செந்தில்குமார் காலத்தில் சட்டம் இருந்தது, இடஒதுக்கீடு இருந்தது. சேர்வதற்குத் தடை இல்லை. சிக்கல் சேர்ந்த பிறகுதான்.

ஆய்வு மாணவனுக்கு இரண்டு விஷயம் உயிர்நாடி: ஒன்று நெறியாளர், இன்னொன்று உதவித்தொகை. அவருக்குக் கடைசி வரை நெறியாளர் அமையவில்லை. ஒரு பாடத்தில் தேறாததால் உதவித்தொகையும் நின்றது. வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு அது ஒரு பின்னடைவு, அவ்வளவுதான். அந்தப் பணத்தை நம்பியிருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு?

2008 பிப்ரவரி 24 அன்று விடுதி அறையில் அவர் இறந்து கிடந்தார். முதலில் மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. தற்கொலை என்பது பிறகு தெரியவந்தது. மாணவர்கள் போராடினார்கள். பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. துறையின் நடைமுறைகளில் தெளிவில்லை என்று அந்தக் குழு சொன்னது. அந்தத் துறை தங்களுக்கு எதிராக நடந்துகொள்கிறது என்ற எண்ணம் தாங்கள் சந்தித்த தலித், பழங்குடி மாணவர்களிடம் இருந்ததையும் பதிவு செய்தது.

விதி எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்கலாம். பொதுதான்... ஆனால் விதியை யாரிடம் கேட்டுப் புரிந்துகொள்வது, யாரைப் பிடித்தால் விலக்கு கிடைக்கும் என்பது தலைமுறையாகப் படித்த வீட்டுக்குத் தெரியும். முதல் ஆளுக்குச் சொல்ல அங்கே யாரும் கிடையாது.

அதற்குப் பிறகு

2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. ஆனாலும் 2016 ஜனவரி 17 அன்று அதே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா இறந்தார். அவருக்கும் மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. அந்தப் போராட்டத்தில் நின்ற சேலத்துப் பையன் முத்துக்கிருஷ்ணன், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனார். 2017 மார்ச் 13 அன்று அவரும் இறந்தார்.

ஒரே மாவட்டம், ஒன்பது வருட இடைவெளி, இரண்டு ஆய்வு மாணவர்கள்.

சீனிவாசன் காலத்தில் கேள்வி, உள்ளே விடுவார்களா என்பது. இன்றைய கேள்வி, உள்ளே வந்தவருக்கு நெறியாளர் உண்டா, மாதம் பிறந்தால் பணம் வருகிறதா, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறதா என்பது. முதல் இரண்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. மூன்றாவது கூடப் படிக்கிறவர்களின் பொறுப்பு.