கஸ்தூரி மணத்தின் சமூக வரலாறு: சில குறிப்புகள்

குளிர்காலத்துக்கென இன்று விற்கப்படும் வாசனைத் திரவியங்கள் பலவற்றுக்கு அடிப்படையாய் அமைவது கஸ்தூரி மணமாகும். மென்மை, கதகதப்பு, தூய்மை ஆகியன அம்மணத்தின் இயற்கைப் பண்புகள் என்றே விளம்பரங்கள் கூறுகின்றன. ஐம்புலன்களின் உருவாக்கமும் வரலாற்றின் விளைவே என்று மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிற் கூறிய கருத்தை மனங்கொண்டு நோக்குவோமாயின், வேறொரு சித்திரம் புலப்படுகின்றது.

இமயம் முதல் சைபீரியா வரையுள்ள மலைக்காடுகளில் வாழும் கஸ்தூரி மானின் ஆணில், அடிவயிற்றுப் பையொன்றிற் சுரப்பது கஸ்தூரி. ஒரு பையிற் கிடைப்பது ஏறத்தாழ 25 கிராம். எனவே ஒரு கிலோகிராமுக்கு 40 ஆண் மான்கள் வரை கொல்லப்படல் வேண்டும். கண்ணிகள் ஆண், பெண், குட்டி என்று வேறுபாடு காண்பதில்லையாதலால் உண்மையான அழிவு இதனினும் பெரிது. 17ஆம் நூற்றாண்டிற் பாட்னாவிற் கஸ்தூரி வாங்கிய பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அதிற் செய்யப்பட்ட கலப்படங்களையும் பதிவு செய்துள்ளார். அருமையும் விலையுமே அதனை உயர்குடியினரின் சின்னமாக்கின.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சில் நிலைமை மாறிற்று. கஸ்தூரி, புழுகு முதலிய விலங்கு வாசனைகள் அழுக்கோடும் ஒழுக்கக்கேட்டோடும் இணைத்து நோக்கப்பட்டன. மெல்லிய மலர் மணங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. அலென் கோர்பின் 1982இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கின்றது. எழுச்சி பெற்றுவந்த பூர்ஷுவா வர்க்கத்தின் உடல் பற்றிய புதிய கருத்தோட்டம் இதிற் செயற்பட்டது எனலாம்.

அழுக்கின் மணம் தூய்மையின் மணமாக மாறியது எவ்வாறு? இதற்கான விடை தொழிற்சாலையிலேயே உள்ளது. 1888இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் அல்பேர்ட் பவர், வெடிமருந்து ஆய்வின்போது கஸ்தூரியை ஒத்த மணமுடைய நைத்திரோச் சேர்வையொன்றைத் தற்செயலாகக் கண்டார். இயற்கைக் கஸ்தூரியின் மணப்பொருளான மஸ்கோனின் அமைப்பை 1926இல் ருஜிச்கா தெளிவுபடுத்தினார். ஆயினும் சந்தையை வென்றவை மலிவான செயற்கைச் சேர்வைகளே. அவை நீரில் எளிதிற் கரைவதில்லை, மெதுவாகவே ஆவியாகின்றன, துணியிழைகளில் ஒட்டி நிற்கின்றன. ஆதலாற் சலவைத் தூள்களில் அவை பெருமளவிற் சேர்க்கப்பட்டன. துவைத்த துணியில் எஞ்சிய அம்மணமே தலைமுறைகளுக்குத் தூய்மையின் மணமாயிற்று. குளிரில் ஏனைய மணங்கள் அடங்கிவிட, கம்பளி ஆடையில் உடற்சூட்டோடு இது நீடித்து நிற்பதனாலேயே 'கதகதப்பு' என்னும் பெயரும் இதற்கு வாய்த்தது.

அரசவைக்கு உரியதாயிருந்த ஒன்று உழைப்பாளர் இல்லங்களை எட்டியமை முன்னேற்றமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஒட்டுந்தன்மை இன்னொரு விளைவையும் தந்தது. 1981இல் ஜப்பானின் ஆற்று மீன்களிலும், 1990களில் ஜேர்மனியிற் தாய்ப்பாலிலும் நைத்திரோக் கஸ்தூரிகள் கண்டறியப்பட்டன. நரம்பு நச்சுத்தன்மை ஐயுறப்பட்ட மஸ்க் அம்பிரெற்றை ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் அழகுசாதனப் பொருள்களிற் தடைசெய்தது. அதற்கு முன்னர் அது பல தசாப்தங்கள் விற்பனையாகியிருந்தது. மறுபுறம், ஆய்வுகூடம் மானையும் முற்றாக விடுவிக்கவில்லை. சர்வதேச வாணிபத் தடைகளின் பின்னரும், மரபு மருத்துவத்துக்கான கேள்வி களவு வேட்டையை நிலைக்கச் செய்கின்றது.

ஆகவே, இம்மணத்தின் மென்மை இயற்கை அளித்த கொடையன்று. வெடிமருந்து ஆய்வும் சலவைத் தூள் சந்தையும் எமது புலனுணர்வில் அதனை உருவாக்கின. இலாபம் எங்கே சேர்ந்தது என்பதோடு, ஆபத்து எவருடைய உடலிற் படிந்தது என்பதையும் சேர்த்து நோக்கும்போதுதான் இரசனையின் வரலாறு முழுமை பெறும்.