பட்டியல் கேட்டார்கள்

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிறு வாசிப்பு வட்டம் நடத்தப் போகிறார்களாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் என்னைப் போன்ற மூட்டுவலிக்காரர்கள் வரை எல்லோரும் சேர்ந்து உட்காருவதாகத் திட்டம். "வாத்தியாராக இருந்தவர் நீங்கள், புத்தகப் பட்டியல் ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்றார்கள். பட்டியல் என்றதும் எனக்கு 1992 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. 1991 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம்தான். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது பெண்கள் சைக்கிள் பழகியதும், கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கீரனூர் பக்கம் ஓர் ஊருக்குத் தொண்டராகப் போவேன். பாடநூல் மூன்று பாகம், மொத்தம் 200 மணி நேரம். முடித்தோம். அதற்குப் பிறகுதான் சிக்கல். தொடர்ந்து எதையாவது வாசிக்காவிட்டால் கற்ற எழுத்து கையை விட்டுப் போய்விடும்.

வாரம் இரண்டு நாள் வாசிப்புக் கூட்டம் வைத்தோம். பதினெட்டுப் பெண்கள், கூடவே எட்டாவது படிக்கும் பிள்ளைகள் ஆறேழு பேர். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். சுகாதாரம், சிறுசேமிப்பு, தென்னைக்கு உரமிடுதல். (அந்த ஊரில் எத்தனை தென்னை இருக்கிறது என்றாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.) மூன்றாவது வாரம் ஏழு பேர் வந்தார்கள். நான்காவது வாரம் நாலு பேர். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள்தான் கூட்டமாக வந்தன.

கல்லுடைக்கப் போகும் அப்பாயி ஒருவரை வழியில் நிறுத்தி, ஏன் வரவில்லை என்று கேட்டேன். "கையக் கழுவு, காசச் சேத்து வையின்னுதானே வாத்தியாரே அதுல போட்டிருக்கு? கழுவத் தண்ணியில்ல, சேக்கக் காசில்ல. இதப் படிக்கவா எழுத்துக் கத்துக்கிட்டேன்?" என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வீட்டில் டால்ஸ்டாய் கதைகள் இருந்தன. அவர் 1884-இல் நண்பர்களோடு ஒரு பதிப்பகம் தொடங்கியவர். நல்ல கதைகளைச் சில கோபெக் விலையில் தெருவியாபாரிகள் மூலம் ருஷ்யக் குடியானவர்களிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை. 1886-இல் அவர் எழுதிய, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்று கேட்கும் கதையை எடுத்தேன். ஆயிரம் ரூபிளுக்கு ஒரே நாளில் சுற்றிவரும் நிலமெல்லாம் சொந்தம். பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதைச் சுருக்கிப் பெரிய எழுத்தில் கையால் எழுதினேன்.

அன்று வந்த நாலு பேருக்கு ஒரு சிறுமி வாசித்தாள். கடைசிப் பக்கம் வருவதற்குள் வாசலில் நின்று கேட்டவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பிடித்தது சண்டை. பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் பழகியபடி. "காணி நிலமில்லாம கிடந்து பாரு, அப்பச் சொல்லு பேராசைன்னு" என்று ஒரு பெண் சீறினார். அப்பாயி கேட்டது வேறு: "அவன் பொண்டாட்டி எங்க? கூட நடந்திருந்தா, போதும் திரும்புய்யான்னு இழுத்துட்டு வந்திருப்பால்ல?" எத்தனையோ முறை படித்த கதை. எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தையும் பயிற்சிக் கல்லூரியில் உருப்போட்டவன் நான். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பதும் அதில் வருகிறது. மதிப்பெண் வாங்கியதோடு சரி!

அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். மூன்று புத்தகங்களைப் பாயில் வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பக்கம் வாசிப்போம். ஆளுக்கொரு புளியங்கொட்டை, பிடித்த புத்தகத்தின் மேல் வைக்க வேண்டும். தெனாலிராமனுக்குத் தாயும் பிள்ளையும் சேர்ந்தே வைத்தார்கள். நான் பெரிதும் மதிக்கும் எழுத்தாளர் ஒருவருக்கு ஒரு கொட்டைகூட விழவில்லை. பெயர் வேண்டாம்.

குடியிருப்புக்காரர்களிடம் பட்டியல் இல்லை என்று சொல்லிவிட்டேன். புளியங்கொட்டை மட்டும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். டால்ஸ்டாய் கதையை எழுதிய அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அப்பாயி வாங்கிக்கொண்டு போனார். நான் திருப்பிக் கேட்கவில்லை.