சட்டத்தை நிறுத்த சாமானியர்

அரசியலமைப்பின் பொருளை உரைக்கும் தகுதி சட்டம் பயின்ற நியமன நீதிபதிகளுக்கே உண்டு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கொல்லனும் குயவனும் அத்தகைய வழக்குகளைத் தீர்த்த நகரம் ஒன்று இருந்தது என்றால் பலர் நகைப்பர். கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஏதென்சு நகரம் அவ்வாறுதான் நடந்தது.

மக்கட் சபையில் ஒருவர் கொணர்ந்த பிரேரணை நிலைத்த சட்டத்துக்கு முரணானது என்று அங்கு எந்தக் குடிமகனும் வழக்கிடலாம். வழக்கு முடியும்வரை பிரேரணை செயற்படாது. ஆண்டுதோறும் பதியப்பெற்ற 6000 பேரிலிருந்து, முப்பது வயது கடந்து சத்தியஞ்செய்த யூரர் குறைந்தது 501 பேர் திருவுளச்சீட்டினால் அமர்த்தப்படுவர். இரு தரப்பும் பேசி முடிந்ததும், தம்முட் கலந்தாராயாமலே வாக்களிப்பர். தீர்ப்பு அன்றைக்கே, மேன்முறையீடு கிடையாது. ஐந்திலொரு பங்கு வாக்கேனும் பெறாத வழக்காளி 1000 திராக்மா தண்டம் இறுக்கவேண்டும். யூரருக்குக் கூலியும் உண்டு. பெரிக்கிளிசு தொடக்கிவைத்த அக்கூலி இல்லையேல் உழைப்பாளி உலைக்களத்தை விட்டு வந்திருக்க இயலுமா? கி.மு. 422இல் அரிஸ்டோபனிசு 'குளவிகள்' நாடகத்தில் இவர்களை எள்ளி நகைத்தார்.

இம்முறையின் பெறுமதியை நன்கறிந்தோர் அதன் பகைவரே. கி.மு. 411இல் ஆட்சியைக் கவர முனைந்த செல்வர் குழாத்தினர், இவ்வழக்குமுறையை முதலில் நீக்கிவிட்டே மற்றவற்றுக்குக் கைவைத்தனர்.

கி.மு. 406இன் கதையோ கசப்பானது. ஆர்கினூசேக் கடற்போரில் வென்ற தளபதிகள், கப்பலுடைந்து தத்தளித்தோரை மீட்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். அனைவருக்கும் ஒரே வாக்கால் தீர்ப்பளிக்கலாம் என்ற பிரேரணையைச் சட்டமுரண் என்று சிலர் எதிர்த்தனர். மக்கள் விரும்பியதைத் தடுப்பதா என்று சபை ஆர்ப்பரித்தது. எதிர்த்தோரையும் அதே தீர்ப்புக்குள் அடக்குவோம் என்று மிரட்டல் எழுந்தது. வழக்கு மீளப்பெறப்பட்டது. தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். பாமரர் கையில் நீதியைக் கொடுத்தால் இதுதான் கதி என்பார்க்கு இந்நிகழ்ச்சி நல்ல ஆயுதம். ஆயினும் சட்டமுரண் வழக்கு யூரரிடம் சென்றடையவேயில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

யூரரிடமும் குறையுண்டு. கி.மு. 330இல், டெமொஸ்தனிசுக்குப் பொன்முடி சூட்டப் பிரேரித்த தெசிபோன் மீதான வழக்கில் சட்ட நுணுக்கம் பெரும்பாலும் வழக்காளியான ஏஸ்கினிசின் பக்கமே இருந்தது. யூரரோ மசிடோனியாவை எதிர்த்த அரசியலுக்கே வாக்களித்தனர் எனலாம். இதனை நான் முழுவதும் நியாயப்படுத்தேன்.

ஆனால் நியமன நீதிபதிகள் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்களா? 1857இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பதின்மருள் எழுவர், ஆபிரிக்க வழிவந்த கறுப்பர் அந்நாட்டுக் குடிமக்களாக முடியாது என்று டிரெட் ஸ்கொட்டின் வழக்கைத் தள்ளினர். ஒன்பதின்மருள் ஐவர் அடிமைமுறை நிலவிய மாநிலத்தவர். ஏதென்சிலும் யூரர் ஆசனம் அடிமைக்கும் பெண்ணுக்கும் எட்டாததே. அவ்வகையில் இரு மன்றங்களும் உறவினரே. அமெரிக்கத் தீர்ப்பை அழிக்க நான்காண்டு உள்நாட்டுப் போரும், 1868இல் பதினான்காம் திருத்தமும் வேண்டியிருந்தன. ஸ்கொட் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1858இல், இறந்துவிட்டார்.